போத்தலில் இருந்த சாம்பிராணி

வெங்காயத் தோலைக் குப்பையில் போடாதே என்று என்னிடம் முதன்முதலில் சொன்னவர் பக்கத்து வீட்டு அம்மா. 2018 பெப்ரவரிக் கடைசி அது. சைபீரியாப் பக்கமிருந்து வந்த குளிர்காற்றில் இங்கிலாந்து முழுக்கப் பனி கொட்டிக் கிடந்த வாரம். பேருந்து ஓடவில்லை. வேலைக்கு நடந்தே போய் நடந்தே வந்துகொண்டிருந்தேன். மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "நீங்கள்தான் நிறைய வெங்காயம் வெட்டுவீர்களே, சருகை எனக்குத் தருவீர்களா? பண்டிகை வருகிறது" என்றார். மூன்று வாரத்தில் ஒரு பை நிறையச் சேர்ந்தது. பம்பாய் வெங்காயச் சருகு ஒரு பை என்றால் எவ்வளவு குழம்பு வைத்திருக்கிறேன் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

மேற்கு யார்க்ஷயரில் கால்டர் ஆறு ஓடும் பள்ளத்தாக்கு எங்கள் ஊர். பழைய நெசவாலை ஊர்கள் வரிசையாக இருக்கும். மலைச்சரிவில் கல்வீடுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியிருப்பார்கள். டெரஸ் என்பார்கள். நான் பார்த்த முதல் நாளே எங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயம் என்றுதான் நினைத்தேன், மாடி வைத்த லயம். ஆலைகள் மூடிய பிறகு மலிவாகக் கிடந்த இந்த வீடுகளுக்கு 1970களில் ஓவியர்களும், கவிஞர்களும், ஊரோடு ஒத்துப்போகாதவர்களும் வந்து குடியேறினார்கள். அந்த அம்மாவும் அப்படி வந்தவர். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நான் பேகன்" என்றார். எனக்கு மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல்தான் நினைவுக்கு வந்தான். அந்தக் குளிரில் அவன் வந்திருந்தால் எனக்கும் ஒன்று கொடுத்திருப்பான்.

பேகன் என்றால் கிறிஸ்தவம் வருவதற்கு முந்தைய வழிபாடுகளைத் தேடிப்போகிறவர்கள். ஆண்டுக்கு எட்டுத் திருநாள். பகல் நீண்ட நாள், இரவு நீண்ட நாள், இரண்டும் சமமாகும் இரண்டு நாள், இவற்றுக்கு நடுவே நான்கு. மார்ச் 20 வாக்கில் வரும் சமநாளுக்கு ஓஸ்தாரா என்று பெயர். வசந்தத்தின் தேவி. முட்டை, முயல், விதை, தேன் எல்லாம் அவளுக்கு உரியவை.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இரவு வேலையில் எனக்கு வாசிக்க நேரம் உண்டு. முதியோர் இல்லத்தில் மணி அடித்தால் ஓடவேண்டும், அடிக்காத நேரம் நம்முடையது. வாசித்தபோது தெரிந்தது, இந்தத் தேவியைப் பற்றி உலகத்தில் இருக்கும் பழைய சான்று ஒன்றே ஒன்று. 725இல் பீட் என்ற துறவி எழுதிய காலக்கணிப்பு நூலில், ஏப்ரல் மாதத்தின் பழைய ஆங்கிலப் பெயர் எயோஸ்ட்ரே என்ற தேவியிடமிருந்து வந்தது என்று ஒரு குறிப்பு. அவளுக்கு முட்டை உண்டா, முயல் உண்டா என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. 1835இல் ஜெர்மானியப் புராணங்களைத் தொகுத்த யாக்கோப் கிரிம் அந்தக் குறிப்பைப் பிடித்து ஓஸ்தாராவை உருவாக்கினார். அவள் ஒரு பறவையை முயலாக்கினாள் என்ற கதை அதற்கும் பிந்தியது. சமநாளுக்கு இந்தப் பெயரை வைத்ததே 1974இல், கலிபோர்னியாவில், எய்டன் கெல்லி என்பவர். நான் பிறந்த ஊர் மாரியம்மன் கோயில் கொடிமரம் இதைவிட வயதானது என்று மனசுக்குள் ஓர் இளப்பம்.

ஒரு நாள் தேநீர் குடிக்கையில் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடியே, "கிரிம்மையா சொல்கிறீர்கள்? ஆமாம், பெரிய கற்பனைக்காரர். நீங்கள் எய்டன் கெல்லியை விட்டுவிட்டீர்கள்" என்றார். விடவில்லை, அடுத்ததாகச் சொல்ல வைத்திருந்தேன். "எனக்குத் தெரியும், தாயே. யாரோ ஒருவர் எப்போதோ தொடங்கித்தானே ஆகவேண்டும். வந்து மாவைப் பிசை" என்றார். ஆங்கிலத்தில் அவர் சொன்ன 'லவ்' என்ற விளியை நான் தாயே என்றுதான் கேட்டேன். யார்க்ஷயரில் பேருந்து ஓட்டுநர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

முதலில் முட்டை. இங்கே வடக்கு இங்கிலாந்தில் ஈஸ்டருக்குப் 'பேஸ் எக்' செய்யும் வழக்கம் பழையது, அதைப் பேகன்கள் கண்டுபிடிக்கவில்லை. பச்சை முட்டையின் மேல் நீரில் நனைத்த பெரணி இலையோ மல்லித்தழையோ ஒன்றை ஒட்டி, அதன்மேல் வெங்காயச் சருகை நாலைந்து அடுக்காகச் சுற்றி, பழைய துணியில் இறுக்கி நூலால் கட்டவேண்டும். கட்டு தளர்ந்தால் போச்சு. ஒரு கரண்டி வினாகிரி விட்ட தண்ணீரில் அரைமணி நேரம் வேகவிட்டு, ஆறிய பிறகு அவிழ்த்தால், செம்மண்ணும் தேனும் கலந்த நிறத்தில் முட்டை பளிங்குபோல் வரியோடியிருக்கும். நடுவில் இலை மட்டும் வெள்ளையாக, ஒவ்வொரு நரம்பும் தெரியும். வெண்ணெய் தொட்டுத் துடைத்தால் மினுங்கும். முதல் முட்டையை அவிழ்த்தபோது நான் சின்னப்பிள்ளை மாதிரிக் கத்திவிட்டேன். அவர் நாற்பது வருடமாகச் செய்கிறவர், அவரும் எட்டிப் பார்த்தார்.

கேக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேரவே விதை போட்ட பழங்காலக் கேக். கேரவே பார்க்கச் சீரகம்தான், கடித்தால்தான் வேறு. 175 கிராம் வெண்ணெய், 125 கிராம் சீனி, இரண்டு பெரிய கரண்டி தேன், மூன்று முட்டை, 225 கிராம் மா, இரண்டு சின்னக் கரண்டி விதை. மிதமான சூட்டில் ஒரு மணி நேரம். நன்றாகத்தான் இருந்தது. எனக்குச் சீரகத்தை இனிப்போடு தின்னும் பழக்கம் வரவில்லை, இன்றுவரை.

டாக் புடிங் வேறு கதை. கால்டர் பள்ளத்தாக்கைத் தாண்டினால் இந்தப் பண்டத்தைப் பலருக்குத் தெரியாது. பிஸ்டார்ட் என்று ஒரு கீரை, ஈரப் புல்வெளியில் இளவேனிலில் முளைக்கும். அதையும் இளம் காஞ்சொறித் தளிரையும் வெங்காயத்தையும் ஓட்ஸ் நொய்யோடு போட்டுக் கரும்பச்சைக் களியாகும்வரை வேகவைத்து, மறுநாள் பன்றிக்கொழுப்பில் தட்டிப் பொரிப்பார்கள். பக்கத்து ஊரான மைதம்ராய்டில் இதற்கு உலகப் போட்டியே வைக்கிறார்கள், போட்டியிடுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள்தான் என்றாலும். காஞ்சொறியைத் தின்பார்கள் என்று கேட்டதும் என் கணுக்கால் தானாக அரித்தது. தேயிலை மலையில் வெறுங்காலோடு திரிந்த யாருக்கும் அரிக்கும். ஆனால் கொதிநீர் பட்டதும் சுணை அடங்கிவிடுகிறது. அந்த வருடக் குளிருக்குப் பிஸ்டார்ட் தலையே நீட்டவில்லை. போன வருடம் வேகவைத்து உறையவைத்ததை எடுத்துப் பொரித்தார். ருசி? ஊர்க்கீரையைக் குழையவிட்டு, கருகவிட்டு, மிளகாய் போட மறந்தால் வருவது. எனக்குப் பிடித்திருந்தது. நான் கொஞ்சம் கட்டச் சம்பல் வைத்துச் சாப்பிட்டதை அவர் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

தூபத்துக்கு இரண்டு வாரம் முன்னமே கலந்து மூடிவைக்க வேண்டும், அப்போதுதான் மணம் ஒன்றோடொன்று பழகும் என்று மார்ச் முதல் வாரத்தில் கூப்பிட்டார். எனக்கு இது தெரிந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டு, லீட்ஸ் போனபோது வாங்கி வைத்திருந்த கம்ப்யூட்டர் சாம்பிராணிப் பெட்டியைக் கையோடு எடுத்துப்போனேன். அவர் ஒன்றைக் கொளுத்தி, கண்ணை மூடி முகர்ந்து, மிக மரியாதையாகக் கொல்லைக் கதவைத் திறந்து வாசற்படியில் வைத்துவிட்டு வந்தார். "இதில் கரியும் வாசனைத் தைலமும் இருக்கிறது. பிசின் எங்கே?" என்றார். அந்தக் கேள்வியை என் அம்மா கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும்.

பிறகு அலமாரியைத் திறந்தார். வரிசையாகப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் சாய்வான எழுத்தில் பெயர். குந்திரிக்கம் ஓமானிலிருந்து வந்தது, மஞ்சள் கண்ணீர்த்துளிகள் மாதிரி. சிவப்புப் பொடி ஒன்று, டிராகன் ரத்தம் என்று பெயர், அதுவும் மரப்பிசின்தான். மூன்றாவதில் 'பென்சாயின், சுமாத்ரா' என்று எழுதியிருந்தது. பழுப்புக் கட்டிகள், நடுவே வெள்ளைவெள்ளையாக வாதுமைப் பருப்புப் பதித்த மாதிரி. மூடியைத் திறந்து மூக்கருகே நீட்டினார்.

அது எங்கள் லயத்து வீடு. வெள்ளிக்கிழமை. மஸ்கெலியாப் பக்கத்து மலைக்கு மாலை நாலு மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும். தலை முழுகினால் கூந்தல் இரண்டு நாள் காயாது. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, அடுப்புத் தணலைச் சிரட்டையில் அள்ளி, கட்டியை நொறுக்கிப் போட்டு, கவிழ்த்த கூடைமேல் என் தலையைச் சாய்த்துப் படுக்கவைப்பாள். கூடை இடுக்கில் புகை ஏறும். பின்கழுத்து சுடும். நகர்ந்தால் காலில் ஓர் அடி.

"சாம்பிராணி" என்றேன். அவர் "பென்சாயின்" என்றார். "சாம்பிராணி" என்றேன் மறுபடியும்.

சுமாத்ராவில் ஸ்டைரக்ஸ் மரத்தின் பட்டையைக் கீறினால் பாலாக ஊறி, காற்றுப்பட்டுக் கெட்டியாகும் பிசின் இது. அராபிய வணிகர்கள் 'லுபான் ஜாவி', ஜாவாவின் குந்திரிக்கம் என்றார்கள். ஐரோப்பியர் 'லு'வைத் தங்கள் மொழியில் பெயருக்கு முன்னால் வரும் சுட்டுச்சொல் என்று நினைத்து வெட்டிவிட, மிச்சம் பென்சாயின் ஆனது. ஆங்கிலேயர் அதையும் திரித்து கம் பெஞ்சமின் என்று ஆள்பெயராக்கினார்கள். மருந்துக்கடையில் ஃப்ரையர்ஸ் பால்சம் என்று விற்கும் தைலம் இதைக் கரைத்ததுதான். சளி பிடித்தால் வெந்நீரில் சொட்டுவிட்டுப் போர்வைக்குள் ஆவி பிடித்து வளர்ந்தவர்கள் எங்கள் முதியோர் இல்லத்தில் பாதிப்பேர்.

கலக்கும் முறையை அவர் சொல்லச்சொல்ல ரசீதின் பின்பக்கம் எழுதினேன். பிசினை முந்தின இரவே ஃப்ரீசரில் போட்டுவிட வேண்டும், குளிர்ந்தால்தான் உரலில் ஒட்டாமல் பொடியும். குந்திரிக்கம் இரண்டு கரண்டி, சாம்பிராணி ஒன்று. காயவைத்த தோடம்பழத் தோல் அரை, ரோஜா இதழ் அரை, சாதிக்காய் ஒரு சிட்டிகை. நாலு சொட்டுத் தேன் விட்டுப் பிசிறவேண்டும். பாதிக்கு மேல் பிசின் இருக்கவேண்டும், பூவை நம்பக் கூடாது என்றார். எவ்வளவு மணமான பூவும் தணலில் விழுந்தால் சருகு எரியும் நாற்றம்தான் வரும். பூ அழகுக்கு, பிசின்தான் மணத்துக்கு. இதைச் சொல்லிவிட்டு அவரே ஒரு கைப்பிடி மஞ்சள் பூவை அள்ளிப் போட்டார். கோர்ஸ் என்ற முட்புதரின் பூ, மேட்டுநிலத்தில் போன மே மாதம் பறித்துக் காயவைத்தது. வெயிலில் அந்தப் புதர் தேங்காய் மணக்கும். பொய்யில்லை, துருவின தேங்காய். முதல் வருடம் அந்தப் பாதையில் நடந்தபோது யார் வீட்டில் தேங்காய் துருவுகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்திருக்கிறேன். காய்ந்த பூவில் அந்த மணம் துளியும் இல்லை. "பிறகு எதற்கு?" என்றேன். "எனக்குத் தெரியுமே, அது எப்படி மணந்தது என்று" என்றார்.

என் பங்கில் கொஞ்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அன்றைக்கே போட்டுப் பார்த்தேன். இரண்டு வாரம் பொறுக்கவில்லை. இங்கே கரி வட்டமாக விற்கும். வெடியுப்புக் கலந்தது, தீக்குச்சி பட்டதும் பொறிபொறியாக ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடும். அந்த ஓட்டம் அடங்கி மேலே சாம்பல் பூக்கும்வரை காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்கவில்லை. புகை எச்சரிக்கைக் கருவி அலறி, எதிர்வீட்டுக்காரர் இரவு உடையோடு வந்து கதவைத் தட்டினார்.

இதற்கிடையில் அவர் ஒரு நாள், "எங்கள் மதத்தை ஆரம்பித்தவர் உங்கள் நாட்டில் தேயிலை பயிரிட்டவர், தெரியுமா?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் உண்மை. விக்கா என்ற இன்றைய பேகன் வழியைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னர் 1884இல் பிறந்தவர். 1900இல், பதினாறு வயதில், இலங்கைக்கு வந்து லாட்புரோக் தோட்டத்தில் தேயிலை வேலை பழகியிருக்கிறார். மஸ்கெலியாவில்! பிறகு போர்னியோ, மலாயா. மலாயாவில் சுங்க அதிகாரி. 1951இல் பிரிட்டனில் சூனியச் சட்டம் நீக்கப்பட்டபின், 1954இல் 'விட்ச்கிராஃப்ட் டுடே' என்ற புத்தகம் எழுதினார். எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் எல்லாம் அந்த மலையில்தான் முதுகு ஒடிந்தவர்கள். இதை வைத்து ஒரு கதை கட்டலாம். இளந்துரை ஒருவன் மாசி நிலவில் பங்களா விறாந்தையில் நின்று, கீழே லயத்துப் பக்கம் தப்பு முழங்குவதைக் கேட்டான், அங்கே எரிந்த தீயை வயதான காலத்தில் இங்கிலாந்தில் மூட்டினான் என்று. கட்டமாட்டேன். கிரிம்மைக் குறை சொன்ன வாய் இது.

சமநாள் விருந்துக்கு அவரவர் ஊர் வசந்தப் பண்டம் ஒன்று கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வசந்தமா? நமக்கு ஏது புள்ள வசந்தம், மழை விட்டா வெயிலு."

"காமன் கூத்தும்மா. அதுக்கு என்ன செய்வோம்?"

"அது போன பௌர்ணமிக்கே எரிச்சாச்சே. இந்த வருசம் சின்னதாத்தான் வச்சாங்க, பயலுக எல்லாம் கொழும்புல கடையில நிக்கிறானுக. பலகாரம் என்னா பலகாரம், ஆடுற ஆம்பளைங்க வெரதம். நாம பாத்துக்கிட்டு இருப்போம். நீ எங்க பாத்த, தூங்கி விழுவ."

தூங்கித்தான் விழுந்திருக்கிறேன். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றுவார்கள். கம்பம் நட்டு, வைக்கோல் சுற்றி, அன்றிலிருந்து இரவானால் தப்புத்தான். பௌர்ணமி இரவில் சிவனுடைய தவத்தைக் கலைத்த மன்மதன் எரிவான். ரதி மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள். எங்கள் லயத்தில் ரதியாக வந்தவர் ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கும் மெஷினில் நின்றவர். வருடத்தில் அந்த ஒரு மாதம்தான் அவர் முகத்தை மீசையில்லாமல் பார்க்கலாம். அவர் அழுதால் கிழவிகளும் சேர்ந்து அழுவார்கள். மழை இல்லாத மாதம் என்பதால் அணைக்கட்டில் நீர் வற்றி, மவுசாக்கலையில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் அந்த நாட்களில் வெளியே தலைகாட்டும். மன்மதன் திரும்பி வருவான், ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான். அந்தக் கட்டம் வரை நான் ஒரு வருடமும் விழித்திருந்ததில்லை.

"காலையில சுண்டல் குடுப்பாங்க. ஒனக்கு மடியில கட்டிக்கிட்டு வருவேன்" என்றாள் அம்மா. "அதச் செய்யி. தேங்காப்பூ நெறையாப் போடு."

மார்ச் 20, மாலை. இரண்டு நாளைக்கு முன்பும் பனி பெய்திருந்தது, கொல்லை மூலையில் இன்னும் அழுக்கு வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. எல்லாரும் ஏழு பேர். நான்கு திசைக்கும் ஒவ்வொருவர் திரும்பி நின்று ஏதோ சொன்னார்கள். காற்றில் மெழுகுவர்த்தி மூன்று தடவை அணைந்தது. சமநாளில் முட்டை நெட்டுக்குத்தாக நிற்கும் என்று ஒருவர் கல்மேசையில் நிறுத்தப் பார்த்தார். பொறுமை இருந்தால் எந்த நாளிலும் நிற்கும், இல்லாவிட்டால் அன்றைக்கும் நிற்காது. நிற்கவில்லை. பிறகு ஆளுக்கொரு சட்டியில் விதை ஊன்றினோம். சாம்பிராணிக் கலவையைத் தணலில் போட்டார். இரண்டு வாரம் பழகிய கலவை, என் அடுப்படியில் கருகியது போலில்லை. தோடம்பழத் தோல் முதலில் வந்தது, பின்னால் குந்திரிக்கம், கடைசியில், எல்லாம் அடங்கிய பிறகு, சாம்பிராணி நின்றது.

போலந்துக்காரப் பெண் ஒருத்தி வைக்கோல் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். மர்ஜான்னா, பனிக்காலத்தின் உருவம். அவள் ஊரில் பள்ளிப்பிள்ளைகள் கொளுத்தி ஆற்றில் எறிவார்களாம். இரும்புத் தட்டில் வைத்துக் கொளுத்தினோம். வைக்கோல் குப்பென்று பிடித்தது. எனக்கு மேல் சிலிர்த்தது, குளிரால் இல்லை. இவர்கள் போகிற பனிக்காலத்தை எரிக்கிறார்கள். நாங்கள் வருகிற வசந்தத்தின் தோழனையே எரித்துவிட்டு விடியவிடிய அழுகிறோம். அதை அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்தேன். "ஏன் அவனை எரிக்கிறீர்கள்?" என்று கேட்டாள் அந்தப் பெண். சிவனுக்குக் கோபம் என்றேன். வேறு எப்படிச் சொல்வது? சுண்டல் தட்டு அதற்குள் காலியாகியிருந்தது.

பொம்மையின் மிச்சத்தை ஆற்றில் விடக் கீழே இறங்கினார்கள். நான் தட்டைக் கழுவுவதாகச் சொல்லி நின்றுவிட்டேன். தட்டில் சாம்பல் இளஞ்சூடாக இருந்தது. காமன் எரிந்த மறுநாள் அம்மா செய்வதுபோல் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. அந்த அம்மா மட்டும் அடுப்படிச் சன்னலில் நின்றிருந்தார், அவரும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

இரவு வேலைக்கு நேராகப் போனேன். சீருடை மாற்றினேன், முகம் கழுவினேன், தலைமுடியை என்ன செய்வது? பத்தரைக்குக் கடைசி அறையில் மணி அடித்தது. அயர்லாந்துக்காரக் கிழவி, தொண்ணூறு வயதுக்கு மேல். தலையணையைச் சரிசெய்யக் குனிந்தபோது என் பின்னலைப் பிடித்துக்கொண்டாள். மெல்ல மூக்கருகே கொண்டுபோனாள்.

"பூசைக்குப் போய் வந்தாயா?"

"ஆமாம்."

"எந்தக் கோயிலில்?"

மேலே ஆற்றோரம், சின்னக் கோயில்தான் என்றேன். "நல்லது" என்றாள். பின்னலை விடவில்லை.